வண்டி எதற்காக நிற்கிறது

மார்ச் 3, திங்கள்

நாமக்கல் சம்பந்தமூர்த்தி அனுப்பிய எட்டு சேஸும் இன்று வந்து சேர்ந்துவிட்டன. எஞ்சினும் சக்கரமும் மட்டும்தான், மேலே ஒன்றும் கிடையாது. மரப்பலகையில் உட்கார்ந்து, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓட்டிவந்த டிரைவர்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினேன். எட்டுக்கும் பாடி கட்டிப் பள்ளிக்கூட பஸ்ஸாக்கிக் கொடுக்க வேண்டும், மே மாதம் முடிவதற்குள். சம்பந்தமூர்த்திக்கு நாலு ஊரில் பள்ளிக்கூடம் இருக்கிறது. இந்த எட்டும் நன்றாக அமைந்தால் இனி அவருடைய வண்டியெல்லாம் நம்மிடம்தான். போன வருடம் இரண்டு பழைய வாடிக்கைக்காரர்கள் தாமதம் என்று சொல்லி வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். இவரும் போனால் பட்டறையில் பாதியை மூட வேண்டியதுதான்.

கரூரில் சென்னியப்பன் பட்டறை என்றால் முப்பத்திநாலு வருடமாக ஒரு பேர். பாடி உறுதியாக இருக்கும். ஒரு ஆணி வாங்குவதென்றாலும் நான் பார்த்து, நான் சரி என்று சொன்னால்தான் உள்ளே வரும். ஆனால் இப்போதெல்லாம் ஆட்கள் முன்போல வேலை செய்வதில்லை.

அதற்காகத்தான் ஷைனி என்ற பெண்ணை இன்று முதல் வேலைக்கு எடுத்திருக்கிறேன். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். மெட்ராஸ் பக்கத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் இருந்தவள். கணவனுக்கு இங்கே பேங்கில் மாற்றல். எங்கே எவ்வளவு வேலை நடக்கிறது என்று அளந்து, அதை வைத்துத் தொழிலை நடத்துகிற முறை அவளுக்குத் தெரியும். அதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமும் வைத்திருக்கிறாள். யார் உழைக்கிறான், யார் ஏமாற்றுகிறான் என்பது இனி தெரிந்துவிடும்.

கண்ணாடி டீலர் போன் செய்தார். விலைக்குச் சரி என்று சொன்னால் உடனே வெட்ட ஆரம்பிப்பாராம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 6, வியாழன்

வந்த நாலு நாளில் அந்தப் பெண் எதையும் அளந்ததாகத் தெரியவில்லை. பட்டறையைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். பெயின்ட் ஆட்களோடு நின்று டீ குடிக்கிறாள். சீட் தைக்கிற பெண்களோடு உட்கார்ந்து துணி மடித்துக் கொடுக்கிறாள். மத்தியானம் அறைக்குக் கூப்பிட்டேன்.

"அம்மிணி, ஆளுக்கு ஆள் தனித்தனியாக் கணக்குப் போட்டுக் குடுங்க. கடைசியில நிக்கற மூணு பேரு யாருன்னு எனக்குத் தெரியோணும்."

"நான் ஆளை அளக்க வரல்ல சார். வண்டியத்தான் அளக்கப் போறேன்."

"வண்டி நின்ன எடத்துல நிக்குது. அதுல அளக்கறதுக்கு என்ன இருக்குது?"

"எத்தனை நாள் நிக்குது, எதுக்காக நிக்குதுன்னு பாக்கணும் சார். ஆள் மேல அளவுகோலை வச்சா, ஆள் அந்தக் கோலைத்தான் பாப்பான். வண்டியப் பாக்கமாட்டான்."

படித்தவர்கள் பேச்சு இப்படித்தான் இருக்கும். ஒரு மாதம் பார்க்கலாம்.

மார்ச் 11, செவ்வாய்

பட்டறை நடுவில் ஒரு பெரிய வெள்ளைப் பலகை மாட்டியிருக்கிறாள். ஒரு வண்டிக்கு ஒரு வரிசை. அன்றைக்கு அந்த வண்டியில் வேலை நடந்தால் பச்சைக் கட்டம். வேலை நடக்காமல் நின்றால் சிவப்புக் கட்டம், பக்கத்தில் எதற்காக நிற்கிறது என்று ஒரு சொல். சாயங்காலம் அதையே கம்ப்யூட்டரிலும் ஏற்றுகிறாள். என் அறையில் இருந்தும் திறந்து பார்க்கலாமாம்.

மாரப்பன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தான். பட்டறை தொடங்கி நாலாவது வருடத்திலிருந்து என்னோடு இருக்கிறவன். சட்டம் கட்டுவது, தகரம் அடிப்பது எல்லாம் அவன் பொறுப்பு.

"அண்ணா, முப்பது வருசமா என்ற கையப் பாத்துட்டு இருக்கறீங்க. இப்பப் பலகையப் பாத்துத்தான் என்னைய நம்புவீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் ஷைனி எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திவிட்டாள். "இத வச்சு யாருக்கும் கூலி குறையாது. யாரையும் வெளிய அனுப்பமாட்டாங்க. சார் அதுக்குச் சம்மதிச்சுட்டாங்க."

என்னை அவள் கேட்கவே இல்லை. நாற்பது பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது தலையாட்டாமல் என்ன செய்வது?

மார்ச் 12, புதன்

சீட்டுக்கு ரெக்ஸின் மாதிரிகள் வந்தன. பார்க்க நேரம் இல்லை. புகழூரில் ஒரு காதுகுத்து.

மார்ச் 22, சனி

இன்று நடந்ததை எழுதி வைக்க வேண்டும்.

பெயின்ட் வேலை மெதுவாக நடக்கிறது என்று, வாரத்துக்கு எத்தனை வண்டி முடிகிறது என்பதை ஷைனி தனியாக எழுத ஆரம்பித்திருந்தாள். முதல் வாரத்தைவிட இரண்டாவது வாரம் எண்ணிக்கை கூடியது. எனக்கும் சந்தோஷம். இன்று காலையில் பார்த்தால், பழைய ஆர்டர் டவுன் பஸ் ஒன்றின் பக்கவாட்டில் பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு நிற்கிறது. அடியில் பூசியது காய்வதற்குள் மேலே அடித்துவிட்டார்கள்.

நான் கத்த வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். பெயின்ட் ஆட்கள் முன்னால் போய் நின்று, "இது உங்க தப்பில்ல. எத்தனை வண்டின்னு நான் கேட்டேன், நீங்க எண்ணிக்கை குடுத்தீங்க. நான் கேட்டதுதான் தப்பு" என்றாள். பலகைக்குப் போய் அந்த எண்ணைத் துடைத்துவிட்டு, முதல் தடவையிலேயே சரியாக வந்த வண்டி எத்தனை என்று மாற்றி எழுதினாள். அப்புறம் உப்புத்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அவர்களோடு நின்று சாயங்காலம் வரைக்கும் சுரண்டினாள்.

நாற்பது பேர் முன்னால் தப்பு என்னுடையது என்று சொல்ல எனக்கு வராது. அவள் சொன்னபிறகு அவளுக்கு மரியாதை குறைந்ததாகவும் தெரியவில்லை. பெயின்ட் ஆட்கள் போகும்போது அவளிடம் சொல்லிக்கொண்டு போனார்கள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஈரோட்டில் மச்சினன் மகள் கல்யாணம். மூன்று நாள் கழித்து இன்று பட்டறைக்குப் போனால், மாரப்பனும் அவன் ஆட்களும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். சீட் பகுதியைப் பார்க்கிற நசீமாவும் அவளோடு இருக்கிற பெண்களும் சும்மா கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள். வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று நினைவில்லை.

"தகரம் வந்தா அடிக்கறோமுங்க," என்றான் மாரப்பன்.

"ஏன் வரல?"

"செக்குல நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் கடைக்காரன் ஏத்தி விடுவான். செக்கு உங்க டிராயர்லதான் இருக்குதுங்க."

"ஒரு போன் பண்றதுக்கு என்ன?"

"பண்ணுனமுங்க. வந்து பேசிக்கலாம்னு வெச்சுட்டீங்க."

நசீமா, "துணி எந்த நெறம்னு சொல்லிட்டீங்கன்னா வெட்டிருவோம் மொதலாளி" என்றாள். இப்படி ஆளாளுக்கு ஒரு சாக்கு. சாயங்காலம் செக்கில் கையெழுத்துப் போட்டேன். பலகை முழுக்கச் சிவப்பு. அதைப் பார்த்தாவது இவர்களுக்கு உறைக்கட்டும்.

ஏப்ரல் 7, திங்கள்

மாதக் கூட்டம். வெயில் கடுமை. கூட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டது. சாயங்காலம் தென்னைக்குத் தண்ணீர் விட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நேற்றுக் கூட்டத்தில் ஷைனி சுவரில் ஒரு படம் காட்டினாள். ஒரு வண்டி நம் பட்டறையில் ஒரு மாதம் நின்றால், அதன் மேல் கை படுவது ஒரு வாரம், பத்து நாள்தான். மீதி நாளெல்லாம் சும்மா நிற்கிறது. எதற்காக நிற்கிறது என்பதற்குப் பக்கம் பக்கமாகக் கோடுகள். பெயின்ட் காய்வதற்கு ஒரு சின்னக் கோடு. கரண்ட் இல்லாததற்கு ஒன்று. ஆள் வராததற்கு ஒன்று. கடைசியில் மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் எட்டாத உயரத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. அதன் அடியில் 'மு. ஒப்புதல்' என்று எழுதியிருந்தது.

பெயின்ட் பகுதியில் புதிதாகச் சேர்ந்த ஒருவன், "மு-ன்னா முருகேசண்ணனுங்களா?" என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. நசீமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாரப்பன் விசிறியைப் பார்த்தான். முதலாளி என்பதை இரண்டு பேரும் சொல்லவில்லை.

இன்று காலை அவளை அறைக்குக் கூப்பிட்டேன்.

"எல்லாரும் இருக்கற எடத்துலதான் இதக் காட்டோணுமா அம்மிணி?"

"மொதல்ல உங்ககிட்டத் தனியாக் காட்டியிருக்கணும் சார். அது என் தப்பு. ஆனா கணக்கு தப்பில்ல."

"நான் பாக்காம வாங்கிப் போட்டுத்தான் பக்கத்துப் பட்டறைக்காரன் வண்டி ரெண்டு வருசத்துல ஒழுகுது. என்ற பாடி ஒழுகி யாராவது பாத்துருக்கறாங்களா?"

"இல்ல சார். அதனாலதான் இத்தனை தாமதம் ஆனாலும் வண்டிக்காரங்க உங்ககிட்ட வர்றாங்க."

"அந்த ஒரு கட்டத்த மட்டும் எடுத்துருங்க. மத்ததெல்லாம் இருக்கட்டும்."

"அத எடுத்தா மத்ததெல்லாம் பொய்யாயிரும் சார். தகரம் இல்லாம மாரப்பண்ணன் காத்திருந்த நாளெல்லாம் அவரு சும்மா இருந்த நாளா மாறிரும். வேணும்னா பலகையையே எடுத்துரலாம்."

"எடுத்துருங்க."

அவள் குரல் உயரவில்லை. வாதாடவில்லை. ஈரத்துணி எடுத்துவந்து, பலகையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் அவளே துடைத்தாள். கழற்றிச் சுவரோரம் சாய்த்தாள். திரும்பி வந்து, "நாளைக்கு நான் வரணுமா சார்?" என்று கேட்டாள்.

உங்கள் விருப்பம் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

வந்திருந்தாள். ஸ்டோர் அறையில் உட்கார்ந்து நட்டு போல்ட்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பூங்கொடியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்தேழு வருடம் கூட வாழ்ந்தவள், என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். கொள்ளுப் பருப்பை இலையில் ஊற்றிக்கொண்டே, "இதுக்கு அந்தப் புள்ள வந்து அளக்கோணுமாக்கும்?" என்றாள்.

"என்ன சொல்ற?"

"தீபனும் இங்க ரெண்டு வருசம் காத்துட்டுத்தானுங்களே இருந்தான்."

தீபன் எங்கள் மகன். இஞ்சினியரிங் முடித்துவிட்டுப் பட்டறைக்கு வந்தான். பெயின்ட் அடிக்கத் தூசி புகாத தனி அறை கட்டலாம் என்றான், வெட்டுகிற மெஷின் வாங்கலாம் என்றான். பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன். இப்போது பூனாவில் இருக்கிறான். அங்கே சம்பளம் அதிகம், அதனால் போனான். கேட்பவர்களிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

பருப்பில் உப்பு அதிகம்.

ஏப்ரல் 17, வியாழன்

சொல்லாமல் கொள்ளாமல் சம்பந்தமூர்த்தி வந்து இறங்கினார். எட்டில் இரண்டுக்குத்தான் பாடி நின்றது. மூன்று வெறும் சட்டம். மூன்று சேஸ் வந்த அன்றைக்கு எப்படி நின்றனவோ அப்படியே நின்றன, மேலே வேப்பிலை சருகு விழுந்து. ஒவ்வொன்றையும் சுற்றி வந்து பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தேவலை.

"சென்னியப்பண்ணா, உங்க பேருக்காவத்தான் உங்ககிட்ட வந்தனுங்க. ஆனா புள்ளைங்க உங்க பேருல ஏறிப் பள்ளிக்கூடம் போவ முடியாதுங்களே. நாலு சேஸ நாளைக்கு வேற எடத்துக்கு எடுத்துட்டுப் போயிடறன். மனசுல வெச்சுக்காதீங்க."

ஷைனி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சம்பந்தமூர்த்தி அவர் பக்கம் திரும்பி, "நீங்கதான் இங்க எல்லாத்தையும் அளக்கறீங்கன்னு கேள்விப்பட்டன். எங்கீங்க தாமதம்?" என்று நேராகக் கேட்டார்.

ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அவர் கைகாட்டினால் போதும் என்கிற தூரத்தில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். போன வாரம் அவரைப் பலகையைத் துடைக்கவைத்தவன் நான்.

"எங்க ஏற்பாட்டுல ஒரு எடத்துல அடைப்பு சார்," என்றார் ஷைனி. "எதுன்னு கண்டுபிடிச்சாச்சு. பத்து நாள் குடுங்க. அதுக்குள்ள அசையலைன்னா நாலு இல்ல, எட்டையும் எடுத்துட்டுப் போங்க."

"கண்டுபுடிச்சாப் போதுங்களா? சரி பண்ணோணுமல்ல?"

"அத எங்க சார் பண்ணிருவாங்க."

சம்பந்தமூர்த்தி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பத்து நாள் கொடுத்துவிட்டுப் போனார்.

கார் போனபிறகு கேட்டேன்: "நான் பண்ணுவன்னு எந்தத் தைரியத்துல சொன்னீங்க?"

"பலகையத்தான் எடுக்கச் சொன்னீங்க. கம்ப்யூட்டர்ல ஏத்தறத நிறுத்தச் சொல்லல்ல. நான் ஏத்திட்டுதான் இருக்கேன். நீங்களும் தினமும் காலையில அதத் தெறந்து பாக்கறீங்க. யாரு எப்பத் தெறந்தாங்கன்னு அதுல காட்டும் சார்."

அதை நான் இதில் எழுதவில்லை. தினமும் இல்லை. பெரும்பாலான நாள்.

ஏப்ரல் 18, வெள்ளி

ஷைனிக்குப் பெரிய வெள்ளி விடுமுறை. அவர் இல்லாத நாளில் செய்வது எனக்கும் சுலபமாக இருந்தது.

மாரப்பனை விட்டுப் பலகையைப் பழைய இடத்தில் மாட்டச் சொன்னேன். மாரப்பனையும் நசீமாவையும் அறைக்குக் கூப்பிடாமல் பலகைக்கு முன்னாலேயே நிறுத்திச் சொன்னேன்: இரும்பு, தகரம், கண்ணாடி எல்லாம் மாரப்பன் பொறுப்பு. சீட்டு, துணி, அதன் நிறம் எல்லாம் நசீமா பொறுப்பு. வாங்கிவிட்டுச் சொன்னால் போதும், கேட்க வேண்டாம். இன்றைய செக்கில் நானே கையெழுத்துப் போட்டுவிட்டேன்; இனி பூங்கொடி கையெழுத்தும் செல்லும்படி நாளை பேங்கில் எழுதிக் கொடுப்பேன்.

நசீமா நம்பவில்லை. "தப்பாயிட்டா மொதலாளி?"

"தப்பாயிட்டாத் திருத்திக்கலாம். வண்டி நிக்கக் கூடாது."

மாரப்பன் போனை எடுத்துத் தகரக் கடைக்குப் பேசினான். என்னென்ன கனம், எத்தனை தகடு என்று ஒரு மூச்சில் சொன்னான். எட்டு வண்டிக்கும் வேண்டியதை மனதுக்குள்ளேயே போட்டு வைத்திருந்திருக்கிறான். மத்தியானம் லாரி வந்துவிட்டது.

பலகையில் பச்சை போட நானே மார்க்கரை எடுத்தேன். என் கையெழுத்து கோணல்.

ஏப்ரல் 24, வியாழன்

நேற்று வந்து இறங்கிய கண்ணாடியில் லேசாக ஒரு பச்சைச் சாயல் இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. மாட்ட வேண்டாம், நான் டீலரிடம் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இன்று காலை நாலாம் வண்டிக்கு நேராக ஒரு சிவப்புக் கட்டம். பக்கத்தில் ஷைனியின் பொடி எழுத்தில் 'மு.'

அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். நாற்பது பேரும் தத்தம் வேலையில் மும்முரமாக இருப்பதுபோலக் காட்டிக்கொண்டார்கள். மாரப்பனைக் கூப்பிட்டு, அந்தச் சாயல் எதற்கு என்று கேட்டேன். வெயில் உறைக்காதுங்க, சின்னப் புள்ளைங்க ஜன்னலோரம் உட்காருமல்லங்க என்றான். மாட்டு என்றேன். அரை மணியில் ஷைனி வந்து, என் பக்கம் திரும்பாமல், சிவப்பைத் துடைத்துப் பச்சை போட்டுவிட்டுப் போனார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பத்தாவது நாள். ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் எல்லோரும் வேலைக்கு வந்திருந்தார்கள். நான் வரச் சொல்லவில்லை.

சம்பந்தமூர்த்தி பதினோரு மணிக்கு வந்தார். வெறும் சேஸ் ஒன்றுகூட இல்லை. நாலு வண்டிக்குப் பெயின்ட் நடக்கிறது. குனிந்து அடிப்பக்கமெல்லாம் பார்த்தார். பலகைக்கு முன்னால் நின்று, அது என்ன, இது என்ன என்று ஷைனியைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 'மு.' என்று ஒரு கட்டத்தில் லேசாக மிச்சமிருந்த தடத்தைக் காட்டி இது யார் என்றார்.

"அது நானுங்க," என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மோர் குடித்தார். சேஸை எடுத்துக்கொண்டு போகிற பேச்சையே எடுக்காமல் கிளம்பினார். போகும்போது, "எங்க பள்ளிக்கூடத்துக்கும் இப்படி ஒரு பலகை வேணுமுங்க. அங்கயும் எல்லாம் என்ற மேசையிலதான் கெடக்குது" என்றார்.

மே 14, புதன்

மேஜையில் ஒன்றும் இல்லை. காலையில் போய் உட்கார்ந்து, பேப்பர் படித்து, திரும்ப ஒரு தடவை படித்தேன். யாரும் வரவில்லை. வெளியே வெல்டிங் சத்தம் நிற்காமல் கேட்கிறது. முன்பெல்லாம் அறை வாசலில் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தீபனுக்குப் போன் செய்தேன். பேசுவதற்கு ஒன்றும் இல்லை. வெகுநேரம் பேசினோம்.

மே 28, புதன்

மாரியம்மன் கோவில் கம்பம் ஆற்றுக்குப் போகிற நாள். ஊரே அமராவதிக் கரையில். வழக்கமாகத் திருவிழாவுக்கு ஆட்கள் லீவு போடுவார்கள், நான் திட்டுவேன். இந்த வருடம் ஷைனி இரண்டு மாதம் முன்பே இந்த நாட்களைக் கணக்கில் கழித்து வைத்திருக்கிறார். ஆறு வண்டி போய்விட்டது. மீதி இரண்டும் நாளை மறுநாள்.

கூட்டத்தில் மாரப்பனைப் பார்த்தேன், பேரக்குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு. பட்டறையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. முப்பது வருடம் என்னோடு இருப்பவனுக்குப் பேரன் இருப்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

மே 30, வெள்ளி

கடைசி இரண்டும் போயின. சம்பந்தமூர்த்தியே வந்து எலுமிச்சம்பழம் வைத்து எடுத்துக்கொண்டு போனார். சீட்டுக்கு நசீமா எடுத்திருந்தது மண் நிறத்தில் ஒரு துணி. நான் என்றால் அதைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

"இந்தத் துணி யாருங்க எடுத்தது?" என்று கேட்டார் சம்பந்தமூர்த்தி. "சேத்துக் காலோட ஏறுனாலும் தெரியாது. மைய ஊத்துனாலும் தெரியாது. புள்ளைங்களப் பெத்தவங்க எடுத்த துணியாட்டம் இருக்குது."

"எங்க நசீமாங்க. மூணு பசங்களுக்கு அம்மா," என்று சொல்லி அவளைக் கூப்பிட்டேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

எல்லோரும் போனபிறகு ஷைனி கம்ப்யூட்டரில் காட்டினார். ஒரு வண்டி பட்டறையில் நிற்கிற நாள் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. ஒரு ஆள் கூட அதிகம் சேர்க்கவில்லை. யாரும் முன்பைவிட ஓடி ஓடி வேலை செய்யவும் இல்லை. அவர் பேர் அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை. இத்தனைக்கும் நடுவில் ஒருநாள் ஸ்டோர் அறையில் போல்ட்டு பிரித்துக்கொண்டிருந்தவர். அன்றைக்கு அவர் வராமல் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன். அதைச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. "சாப்டீங்களா?" என்று கேட்டேன்.

ஜூன் 11, புதன்

அரவக்குறிச்சியில் ஒரு துக்கம் விசாரிக்கப் போக வேண்டியிருந்தது. கார் சர்வீசுக்குப் போயிருந்ததால் பஸ்ஸில் போனேன். வந்து நின்றது நான் கட்டிய வண்டி, ஆறேழு வருடத்துக்கு முந்தையது. என் பட்டறை வண்டியில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்து போனது இதுதான் முதல் தடவை. ஒரு சத்தமில்லை, ஒரு ஆட்டமில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

நடுவில் ஒரு நிறுத்தத்தில் முருங்கைக்காய்க் கட்டோடு ஒரு அம்மா ஏறப் பார்த்தார். கட்டை மேலே தூக்கிப்போட்டுவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வைத்துவிட்டு மறு காலை எடுக்க முடியாமல் தொங்கினார். கண்டக்டர் கையைப் பிடித்து இழுத்துப் போட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"படியா இது? இதக் கட்டுனவன் ஒரு நாளாச்சும் சொமையோட இதுல ஏறிப் பாத்துருப்பானாங்க?"

"பாத்துருக்க மாட்டானுங்க," என்றேன்.

அந்த அம்மா இறங்கும்போது நானும் இறங்கினேன். அது நான் இறங்க வேண்டிய ஊர் இல்லை. கட்டைக் கீழே எடுத்துக் கொடுத்தேன். பஸ் போனபிறகும் அங்கேயே நின்று, அடுத்து வந்த இரண்டு பஸ்ஸில் ஏறுகிறவர்களின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டில் ஒன்று நம்முடையது. படி சட்டப்படியான உயரம்தான். அதற்கு மேல் ஒரு விரற்கடை இருக்காது. ஆனால் அந்த நிறுத்தத்தில் ஏறியவர்களில் சட்டத்தைப் படித்தவர்கள் யாரும் இல்லை.

ஜூன் 12, வியாழன்

காலையில் முதல் வேலையாக ஷைனியிடம் சொன்னேன். முதல் படியைத் தாழ்த்த வேண்டும், வயசானவர்கள் ஏற முடியவில்லை என்றேன். பாராட்டுவார் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"எத்தனை பேருக்கு முடியல்ல சார்?"

"நெறையப் பேருக்குங்க."

"நெறையன்னா எத்தனை பேர்ல எத்தனை பேர்? எந்தப் படியில தடுக்குது, மொதல் படியிலயா, ரெண்டாவதுலயா? கம்பி எட்டலியா, இல்ல படிதான் உசரமா?"

எனக்குத் தெரியவில்லை. அதைச் சொன்னேன். தெரியவில்லை என்று சொல்வது நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை.

"அப்ப பாத்து எண்ணிட்டு வாங்க சார். உள்ள இருக்கற நாங்க யாரும் வண்டி வெளிய போனப்புறம் அதப் பாக்கறதே இல்ல. உங்களுக்கு மட்டுந்தான் இப்ப அதுக்கு நேரம் இருக்கு. ஒரு வாரம் போதும்." சொல்லிவிட்டு, நான் சரி என்று சொல்வதற்குக்கூடக் காத்திராமல், அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

முப்பத்திநாலு வருடத்தில் இந்தப் பட்டறையில் எனக்கு ஒருவர் வேலை சொல்வது இதுதான் முதல் தடவை. பூங்கொடியிடம் நாளைக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் பஸ் ஆறே முக்காலுக்கு.